மலை நாக்கு

கேமரன் மலைக்கு ஏறும் ரிங்லெட் வாசலில் நாக்கை நீட்டச் சொன்னால் யாரும் வெட்கப்படுவதில்லை. தாப்பாவிலிருந்து மலையேறி வருவதற்குள் வெட்கமெல்லாம் வேர்வையோடு வேர்வையாகப் போய்விட்டிருக்கும். வரிசையில் வருகிறவர்கள் தடுப்புக் கம்பியைத் தாண்டி, தாடையை ஒரு பலகையில் வைத்து, வாயை அகலத் திறப்பார்கள். உள்ளேயிருக்கும் கேமரா ஒருமுறை கண் சிமிட்டும். பிறகு மேலே விளக்கு எரியும். பச்சை என்றால் மலைக்குள் போகலாம். சிவப்பு என்றால் வந்த லாரியிலேயே கீழே திரும்பவேண்டும். கீழே என்றால் சமவெளி. வெக்கைக் காலத்தில் அங்கே மதிய வேளையில் வெளியே போனவன் வீடு வந்து சேர்வது அவனவன் அதிர்ஷ்டம்.

அந்த இயந்திரத்துக்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று இருந்தது. சீட்டெடுத்துத் தலையெழுத்தைச் சொல்கிற மாதிரி இருப்பதால் சனங்கள் அதைக் கிளி என்றார்கள். மலையிலேயே குடியிருப்பவர்களும் வெக்கைக் காலம் தொடங்குமுன் ஆண்டுக்கொருமுறை அதன்முன் வந்து வாயைத் திறக்கவேண்டும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் தரிசனம். இவ்வளவு கேலி பேசினாலும் கிளியின்முன் வந்ததும் ஒருவரும் சிரிப்பதில்லை.

கிளிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள் குமுதவல்லி. வாசலில் அதற்குப் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். சீன மருத்துவரை இந்த நாட்டில் சின்சே என்பார்கள். வல்லியையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். தமிழச்சி ஒருத்தி சின்சேயா என்று தொடக்கத்தில் சிரித்தவர்களெல்லாம் பிறகு அவளிடமே கையை நீட்டி நாடி பார்க்கச் சொன்னார்கள்.

இளவயதில் அவள் குவாங்சோவில் படித்தாள். விடுதியறையில் உடனிருந்தவள் ஹார்பின்காரி. ஒரு சமயம் இருவருக்கும் ஒரே மாதிரி சளிக்காய்ச்சல் வந்தது. ஹார்பின்காரி தன் ஊர் வழக்கப்படி மா ஹுவாங் என்ற தண்டைக் கைநிறைய அள்ளிப் போட்டுக் கஷாயம் வைத்தாள். குடித்துவிட்டுப் போர்த்திப் படுத்தாள். விடிந்ததும் துள்ளி எழுந்தாள். அதே பானையில் குடித்த வல்லிக்குப் படுக்கை நனைய வேர்த்தது, நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது, குளியலறைக்குப் போகும் வழியில் சுருண்டு விழுந்தாள். பேராசிரியர் வந்து நன்றாகத் திட்டினார். பனி உறையும் ஊரில் வளர்ந்த உடம்பு கதவைச் சாத்தி வைத்திருக்கும், தள்ளித் திறக்க அவ்வளவு மருந்து வேண்டும். உன் ஊரில் வருஷமெல்லாம் மழையும் புழுக்கமும், உன் கதவு எப்போதும் திறந்தே கிடக்கிறது, திறந்த கதவை ஏன் அம்மா உடைத்தாய் என்றார்.

அந்தத் திட்டு அவளை விடவில்லை. ஊர் திரும்பியதும் கிள்ளான் துறைமுகத்திலும் தைப்பிங் மழையிலும் கேமரன் மலைப் பனியிலும் அலைந்து ஆயிரக்கணக்கான நாக்குகளைப் படமெடுத்தாள். சமவெளிக்காரர்களின் நாக்கில் மஞ்சளாக, பிசுபிசுப்பாக மாவு படிந்திருக்கும், ஓரம் சிவந்திருக்கும். அது ஈரச்சூடு. அவர்களுக்குக் கசப்பு வேர்களால் சூட்டை வடிக்கவேண்டும். மலைக்காரர்களின் நாக்கு வெளிறி, மேலே மெல்லிய வெள்ளைப் படலத்தோடு இருக்கும். அவர்களுக்குச் சுக்கும் பட்டைக்குச்சியும் வச்சநாபியும் போட்டு உள்ளே கணகணப்பு ஏற்றவேண்டும். நோயின் பெயரை மட்டும் கேட்டு மருந்து போடாதே, வந்தவன் எந்த ஊர்க் காற்றில் ஊறியவன் என்று பார்த்துப் போடு. இதைச் சொல்லத்தான் அவள் அந்த நாக்கு வரைபடத்தைச் செய்தாள்.

பிறகு வெக்கை வருஷங்கள் வந்தன. சமவெளியில் பிணங்கள் விழ விழ, சனங்கள் மலைமேல் ஏறினார்கள். மலை தாங்காது என்று மலை மன்றம் வாசலைப் போட்டது. பல மழைக்காலங்களை மலையில் கழித்தவர்கள் மட்டும் இருக்கலாம் என்றது. போலி அடையாள அட்டைகளையும் வாடகைச் சீட்டுகளையும் சந்தையில் கூறுகட்டி விற்றார்கள். அப்போதுதான் யாரோ ஒரு புத்திசாலிக்கு வல்லியின் வரைபடம் கண்ணில் பட்டது. அட்டை பொய் சொல்லும், நாக்கு சொல்லாது என்று, மருந்துக்குச் செய்தது வாசலுக்குப் போனது. அவளுக்கு மலையில் வீடு கிடைத்தது. இது தப்பு என்று அன்றைக்கே தோன்றியது. தோன்றியதை விழுங்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கிளியை வைத்திருப்பவளுக்குக் கிளி சீட்டெடுப்பதில்லை என்பதால் அவள் நாக்கை மட்டும் யாரும் கேட்டதில்லை. ஊர் நாக்கையெல்லாம் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் தன் நாக்கைக் கண்ணாடியில் பார்க்கிற ஆசையும் வந்ததில்லை.

அன்று காலை வரிசையில் பவளராணி நின்றிருந்தாள்.

வல்லியின் கூடப்பிறந்த தங்கை. கிள்ளானைவிட்டு எங்கும் போகாதவள். புருஷன் துறைமுகத்தில் பெட்டி இறக்கும்போது வெயில் தாக்கிச் செத்துப்போனான் என்று போன வருஷம் தகவல் வந்திருந்தது. அதற்கே வல்லி போகவில்லை. உருண்டு திரண்டிருந்த பவளம் இப்போது கொடியில் காயப்போட்ட துணி மாதிரி இருந்தாள். அக்காளைத் தெரிந்ததாக முகத்தில் காட்டாமல் தாடையைப் பலகையில் வைத்து நாக்கை நீட்டினாள்.

வெளிறிய நாக்கு. மெல்லிய வெள்ளைப் படலம். அசல் மலை நாக்கு. பச்சை எரிந்தது.

பக்கத்தில் நின்ற வாசல் அதிகாரி நாகப்பன் அவளுக்கு வழிவிட்டான். "நல்ல சுத்தமான நாக்கு, சின்சே. எங்க ஆளுங்க நாக்குகூட இப்படி இருக்காது," என்றான். வல்லி தலையை மட்டும் ஆட்டினாள்.

சாயங்காலம் வீட்டுக் கதவைச் சாத்தியபிறகுதான் அக்காளும் தங்கையும் பேசினார்கள்.

"யாருடி மருந்து குடுத்தா?"

"கிள்ளான்ல ஒரு சின்சே. நாக்கு கழுவுறதுன்னு சொல்றாங்கக்கா. மஞ்ச வேருன்னு ஒரு சீன வேரு, கசப்புன்னா அப்படியொரு கசப்பு. மாசக்கணக்கா குடிச்சேன். சோறு இறங்கல. வயிறு ஓடிக்கிட்டே இருந்துச்சு." பவளம் சிரிக்கப் பார்த்தாள். "நீ போட்ட படத்தைத்தான் செவத்துல ஒட்டி வச்சிருக்காரு. தெனம் என் நாக்க அதுகூட ஒப்பிட்டுப் பாப்பாரு. இன்னும் கொஞ்சம் வெளுக்கணும், இன்னும் கொஞ்சம்னு."

வல்லிக்குச் சுருக்கென்றது. "அது வெறும் சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரிடி. உள்ள ஈரம் அப்படியே நிக்குது. ஒனக்குக் காய்ச்சல் வந்தா, பாக்குறவன் நாக்கைப் பாத்து ஏமாந்துருவான். குளிர்னு நெனச்சு சூட்டு மருந்தப் போடுவான். ஒன் ஒடம்புல அது நெருப்பு."

"காய்ச்சல் வந்தாத்தானே," என்றாள் பவளம். "அங்கயே இருந்தா இந்த வெக்கைக்கு நான் உயிரோட இருக்க மாட்டேங்கா. அவரத் தூக்கிட்டு வந்தாங்க பாரு, ஒடம்பு அவ்வளவு சூடு. செத்தப்பறமும் சூடு. எனக்கு அப்படிச் சாகப் பயமா இருக்கு."

வல்லி அவளைக் கட்டிக்கொண்டாள். அழுகை வந்தது, இருவருமே அழுதார்கள். மறுநாளிலிருந்து பவளம் அந்த வீட்டில் வாடகைக்கு இருக்கிற பெண். அக்காள் என்று வாய்தவறிக்கூடக் கூப்பிடக்கூடாது. ஸ்ட்ராபெரி கட்டும் கொட்டகையில் வேலையும் கிடைத்தது. வேலைக்குப் போகும்போது வல்லி தன் ஸ்வெட்டர் ஒன்றைக் கொடுத்தாள்.

"புழுக்கமா இருக்கேக்கா, இது எதுக்கு?"

"மலைக்காரங்க போடுவாங்க. நீயும் போட்டுக்க."

புழுக்கம்தான். அந்த வருஷம் பனி குறைச்சல் என்று எல்லோரும் சொன்னார்கள். சுவரில் பூஞ்சை பிடித்தது, கொசு வந்தது. ஆனாலும் ஸ்வெட்டர் போடாமல் யாரும் தெருவில் இறங்குவதில்லை. கழுத்தோரம் வேர்வை வழிய, "என்ன குளிரு, என்ன குளிரு" என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டு போவார்கள். வல்லிக்கும் காலையில் எழுந்ததும் வாய் கசந்தது. காப்பித்தூள் சரியில்லை என்று நினைத்தாள்.

ஆங்கில மருந்து ஏற்றிய லாரிகள் மலைக்கு வருவது நின்றபின், பசுமைக் குடில்களில் தாங்களே விளைவித்த சீன மருந்துதான் மலைக்காரர்களுக்குக் கதி. மலைமேல் தானா ராத்தா ஊர் மருத்துவமனையில் அதைப் பார்த்துக்கொண்டவள் ஓங் மெய் லின். தாப்பாவில் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவில் வளர்ந்தவள், தமிழ் தண்ணீர்பட்ட பாடு. வாரத்துக்கு ஒருநாள் இருவரும் சந்தைக் கடையில் டீ குடிப்பார்கள். சில மாதங்களாக மெய் லின் ஒரே புலம்பலாக இருந்தாள். காய்ச்சல்காரர்கள் வருகிறார்கள், நாக்கைப் பார்த்தால் குளிர், குளிருக்கு மருந்து போட்டால் காய்ச்சல் ஏறுகிறது என்பாள். வல்லிக்குத் தன் வரைபடத்தின்மேல் அசையாத நம்பிக்கை. போன தரிசனத்தில் மலைக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் பச்சை வாங்கியிருந்தார்கள். அதற்கு முந்தைய வருஷம் சிவப்பு வாங்கிய சிலர் கள்ளத்தனமாகக் கீழே குடியிருந்தவர்கள் என்று மன்றம் முடிவுகட்டியிருந்தது. "மருந்து பத்தல. அளவைக் கூட்டிப் பாரு," என்றாள் வல்லி. சொல்லிவிட்டு மறந்தும் போனாள்.

பவளம் கொட்டகையில் மயங்கி விழுந்ததாகத் தகவல் வந்தபோது வல்லி வாசலில் இருந்தாள். ஓடிப்போய்ப் பார்த்தால், தங்கையை மருத்துவமனைக் கட்டிலில் போட்டிருந்தார்கள்; அங்கிருந்த கிளியின் இன்னொரு கேமரா அவள் நாக்கைப் பார்த்து முடித்து, அது சொன்னபடி சுவரிலிருந்த மருந்துப் பெட்டி பொட்டலத்தையும் தள்ளியிருந்தது. முதல் கஷாயம் உள்ளே போயாகிவிட்டது. பவளத்தின் முகம் செக்கச்செவேலென்று இருந்தது. வல்லி மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி வழுக்கிக்கொண்டு ஓடியது. அசல் கிள்ளான் நாடி.

"ஒன் வீட்டுப் பொண்ணு தானே லா?" என்றாள் மெய் லின். "காய்ச்சல் ஏறுது. இன்னொரு வேளை குடுக்கணும்னு பெட்டி சொல்லுது."

"வேணாம் மெய் லின். நிறுத்து."

"ஏன்?"

வல்லி வாயைத் திறந்தாள். பவளம் போர்வைக்குள்ளிருந்து அவள் விரலைப் பிடித்து இறுக்கினாள். "சொல்லாதே," என்று உதடு மட்டும் அசைந்தது. சொன்னால் வரப்போகும் வெக்கைக்குக் கீழே போகவேண்டும். சொல்லாவிட்டால் இன்னொரு கஷாயம்.

"நாடி சரியில்ல. கசப்பு வேரு போட்டுப் பாக்கலாமே," என்றாள் வல்லி.

மெய் லின் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "மஞ்ச வேரா? நாக்கு கழுவுறாங்கன்னு சொல்லி அதை மலையில தடை பண்ணச் சொன்னதே நீதான். என் பெட்டில ஒரு துண்டுகூட கெடையாது."

உண்மைதான். தடை செய்யச் சொல்லி மன்றத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேசியது அவள்தான். அந்த வேர் இப்போது மலையில் ஒரே இடத்தில் இருக்கும். கீழிருந்து வருகிறவர்களின் பைகளில் பிடிபடும் பொட்டலங்களை வாசல் அறையில் ஓர் இரும்பு அலமாரியில் பூட்டிவைப்பார்கள். "நான் வர்ற வரைக்கும் அடுத்த வேளை குடுக்காதே," என்று மெய் லினின் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டு, வல்லி வண்டியை எடுத்தாள்.

நாகப்பன் மட்டும் அறையில் இருந்தான். சாவியைக் கேட்டதும் அவன் முகம் சுண்டிப்போயிற்று.

"எதுக்கு சின்சே?"

"குடு நாகப்பா. கேள்வி கேக்காதே."

அவன் கொடுக்கவில்லை. தானே போய்த் திறந்தான். அலமாரி காலி. கீழ்த்தட்டில் கொஞ்சம் மஞ்சள் தூள் சிந்திக் கிடந்தது. வருஷம் முழுக்கப் பிடித்த பொட்டலங்கள் அங்கே இருந்திருக்கவேண்டும்.

"வித்துட்டியா?"

"சத்தியமா விக்கல." அவன் அலமாரிக் கதவைச் சாத்தினான். "என் பொஞ்சாதிக்குத்தான் மொதல்ல எடுத்தேன். அவ இந்த மலையிலயே பொறந்தவ, கீழ எறங்குனதே இல்ல. போன தரிசனத்துக்கு முன்னாடி நாக்கைப் பாத்தா மஞ்சளா இருக்கு. அதுக்கு மொத வருஷம் செவப்பு வாங்குனவங்களக் கீழ அனுப்புனதப் பாத்தோம். என்ன பண்ணச் சொல்றீங்க? கழுவுனோம். அப்புறம் பக்கத்து வீட்டுல கேட்டாங்க. அப்புறம் எல்லாருமே கேட்டாங்க."

"எல்லாருமேன்னா?"

"எல்லாரும்தான். மலை முந்தி மாதிரி இல்ல சின்சே. ஒங்க படத்துல இருக்கிற மலை இப்ப இல்ல. ஒங்களுக்கு மட்டுந்தான் தெரியாது. ஒங்கள யாரும் நாக்கு நீட்டச் சொல்றதில்லையே."

வல்லி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஒருவர் பாக்கியில்லாமல் பச்சை. அதை நினைத்து எத்தனை நாள் பெருமைப்பட்டிருந்தாள்! காற்று மாறியிருக்கிறது, அதில் ஊறிய உடம்புகள் மாறியிருக்கின்றன, மாறாதது அவள் வரைபடம் ஒன்றுதான். கிளிக்குப் பயந்து ஒரு மலையே தன் நாக்கைக் கழுவிக்கொண்டிருக்கிறது. கழுவிய நாக்கைக் காட்டித்தான் காய்ச்சலுக்கு மருந்தும் வாங்கிக் குடிக்கிறது. மெய் லினின் புலம்பல் நினைவுக்கு வந்ததும், தான் சொன்ன பதிலும் கூடவே வந்தது. அளவைக் கூட்டிப் பாரு என்றிருந்தாள்.

வெறுங்கையோடு மருத்துவமனைக்குத் திரும்பினாள். மெய் லின் அவளைத் தன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"அவ என் தங்கச்சி, மெய் லின். கிள்ளான்காரி. அந்த நாக்கு பொய்."

"தெரியும் லா."

"எப்படி?"

"எல்லா நாக்கும் பொய்தானே." மெய் லின் மேசைக்கடியிலிருந்து ஒரு பிளாஸ்க்கை எடுத்து வைத்தாள். திறந்ததும் கசப்பு வாடை மூக்கைத் தாக்கியது. "எனக்கும் வயசான அம்மா இருக்காங்க. அவங்களுக்கும் சேத்துக் காய்ச்சுறேன்."

"தெரிஞ்சுமா சூட்டு மருந்து குடுக்குற?"

"வேற என்ன குடுக்கிறது? நாக்கு தப்புன்னு பெட்டில பதிஞ்சா மன்றத்துக்குப் போயிரும். எல்லாத்தையும் மறுபடி பாப்பாங்க. மொத்த மலையையும் கீழ எறக்குவாங்க. அதான் பெட்டி விடுறதுலயே ரொம்பக் கம்மியான அளவா குடுக்கிறேன். பெரும்பாலும் தாங்கிக்கிறாங்க." அவள் குரல் தணிந்தது. "மொதல்ல எனக்கும் புரியல. ஒன்கிட்டதான் கேட்டேன். நீ அளவைக் கூட்டச் சொன்னே. கூட்டினேன். ரெண்டு பேரு போயிட்டாங்க, வல்லி. அதுல ஒருத்தரு எங்க தெருக்காரரு."

  மெய் லின் பிளாஸ்க்கை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"கொண்டு போய்க் குடு. சூடு ஏறுனப்போ இதுதான் சரியான மருந்து. கழுவுறதுக்குன்னு வச்சது, ஒருத்தர் பொழைக்கவாவது ஆகட்டும்."

"ஒனக்கு?"

"பாத்துக்கலாம்."

சில நாள்களில் பவளத்துக்குக் காய்ச்சல் இறங்கியது. சூடு வடிந்தபின் அவள் நாக்கு முன்னைவிட வெளுத்து அழகாக இருந்தது. மெய் லினிடம் மிச்சமிருந்த வேரெல்லாம் அவள் அம்மாவுக்குப் போயிற்று. மெய் லினுக்காக நாகப்பன் வீட்டிலும் கேட்டுப் பார்த்தாள் வல்லி. அவன் மனைவி கதவிடுக்கில் நின்றபடி, தங்களுக்கே பத்தவில்லை என்று அழுதாள். பொய் சொல்வதாகத் தெரியவில்லை.

தரிசனத்துக்கு முந்தைய வாரம் மெய் லின் நாக்கில் மஞ்சள் மாவு படிந்துவிட்டது. வரவேண்டாம், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடு என்றாள் வல்லி. வராவிட்டால் அதுவே சிவப்பு என்றாள் மெய் லின். இருவரும் டீயைக் குடித்து முடித்தார்கள்.

தரிசனத்தன்று மலையே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாசலில் நின்றது. மன்றத்து ஆட்கள் பந்தலுக்கடியில் உட்கார்ந்திருந்தார்கள். கிளி பச்சை பச்சையாக எரிந்துகொண்டே போனது. வல்லி இப்போது ஒவ்வொரு நாக்கிலும் கழுவிய தடத்தைப் பார்த்தாள். நுனியில் புண், நடுவில் வெடிப்பு, நீட்டியவர்களின் கண்ணுக்குக் கீழே பள்ளம். இத்தனை நாள் இதை எப்படிப் பார்க்காமல் இருந்தோம் என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. மெய் லினின் அம்மா பச்சை. பவளம் பச்சை. பவளம் போய் உள்பக்கத்துக் கம்பி ஓரமாக நின்றுகொண்டாள்.

மெய் லின் தாடையை வைத்தாள். சிவப்பு எரிந்தது.

 மன்றத்து ஆள் ஒருவர் எழுந்து, மருத்துவரே கீழே குடியிருந்துகொண்டு மேலே சம்பளம் வாங்கினாரா என்று கேட்டார். மெய் லின் தலையைத் திருப்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். அவள் மருந்து கொடுக்காத வீடு அங்கே கிடையாது. யாரும் வாயைத் திறக்கவில்லை.

வல்லி நாற்காலியைவிட்டு எழுந்தாள். மெய் லினை நகரச் சொல்லிவிட்டுத் தானே தாடையைப் பலகையில் வைத்து நாக்கை நீட்டினாள். கிளி கண் சிமிட்டியது. திரையில் அவள் நாக்கு விரிந்தது. மஞ்சளாக, தடிப்பாக, பிசுபிசுவென்று. கிள்ளான் துறைமுகத்தில் அவள் எடுத்த முதல் படத்தைப்போலவே இருந்தது. சிவப்பு.

"நான் இந்த வாசலைவிட்டு எறங்கிப் பல வருஷமாச்சு. ஒங்க எல்லாருக்கும் தெரியும்," என்றாள் வல்லி. திரையைக் கையால் காட்டினாள். "என் நாக்கே செவப்புன்னா கோளாறு நாக்குல இல்ல, நான் போட்ட படத்துல. மலை மாறிப்போச்சு. இந்தக் கிளியை நம்பி மருந்து குடுத்துச் சனங்க செத்துக்கிட்டிருக்காங்க."

மன்றத்து ஆள் வரிசையைக் காட்டினார். "இவங்க எல்லாரும் மலையிலதான் இருக்காங்க. எல்லாருக்கும் பச்சைதானே எரியுது?"

"கழுவியிருக்காங்க."

"யாரு கழுவுனது? சொல்லச் சொல்லுங்க."

நாகப்பன் அவள் பக்கத்தில் வந்து, "அக்கா, வாய மூடிட்டு ஒக்காருங்க. கிளிக்குக் கோளாறுன்னு நான் சொல்லிக்கிறேன்," என்று கெஞ்சினான். அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

"ஒருத்தர் போதும்," என்றாள் வல்லி கூட்டத்தைப் பார்த்து. "நான் கழுவுனேன்னு ஒரே ஒருத்தர் சொன்னாப் போதும்."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நாகப்பன் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மெய் லினின் அம்மா ஏதோ சொல்ல வர, மெய் லின் சீனத்தில் ஒரே ஒரு வார்த்தை அதட்டினாள், கிழவி அடங்கிவிட்டாள். வல்லி பவளம் நின்ற பக்கம் திரும்பவேயில்லை. பார்த்தால் தங்கை சொல்லிவிடுவாள் என்று பயந்தாள். வேண்டாம், வேண்டாம் என்று மனசு அடித்துக்கொண்டது. மன்றம் அவளையும் மெய் லினையும் கீழே அனுப்பச் சொல்லிற்று. கடைசியில், லாரியில் ஏறும்போது, பொறுக்கமுடியாமல் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டாள். பவளம் இரண்டு கைகளாலும் தன் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் பிழைத்துக்கொள்வாள் என்று வல்லிக்கு ஆறுதலாக இருந்தது. ஆனாலும் பெற்றவள் செத்தபோதுகூட நெஞ்சு இப்படி வலித்ததில்லை.

லாரி நகர்ந்தது. மெய் லின் ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து மடியில் வைத்தாள். வல்லியும் கழற்றினாள். முதுகில் காற்றுப் பட்டதும் இருவருக்கும் உயிர் வந்ததுபோலிருந்தது. பழக்கதோஷம், மெய் லின் எட்டி வல்லியின் மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஈரச்சூடு," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "மஞ்ச வேரு, கொஞ்சமா. பார்லியும் சேத்துக்க. சூட்டு மருந்தக் கையால தொடாதே."

நீண்ட நாளைக்குப் பிறகு அந்த மலையைச் சேர்ந்த ஒருத்திக்குச் சரியான மருந்து சொல்லப்பட்டது. அதற்குள் லாரி ரிங்லெட் வாசலைத் தாண்டிவிட்டிருந்தது. பின்னால், அடுத்த ஆளுக்குப் பச்சை எரிந்தது.